சோறும் பாயும் கூலியாகுமா? வன்னிக் கமங்களில் தன்னார்வ உழைப்பு

இயற்கை முறையில் பயிர் செய்யும் பண்ணையொன்றில் சில வாரங்கள் தங்கி, நாளாந்தம் சில மணி நேரம் வேலை செய்து, அதற்கு ஈடாகச் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் பெற்றுக்கொள்ளும் வழக்கம் மேற்கு நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில், இது பற்றிய கேள்வி இரு திசைகளிலிருந்து எழுகிறது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகள், பெற்றோரின் ஊரில் ஒரு போகமாவது மண்ணோடு இருந்து பார்க்க விரும்புகிறார்கள். அவர்களுடைய நண்பர்களும் கூடவே வர ஆயத்தமாக இருக்கிறார்கள். இங்கே கமம் செய்பவர்களோ, பசளை விலையும் ஆட்கூலியும் ஏறிய நிலையில், கூலி வாங்காமல் வந்து உதவுபவர்களை வைத்திருப்பதில் என்ன பிழை என்று கேட்கிறார்கள்.

இரு தரப்பாரிடமும் ஓர் எடுகோள் பொதுவாக இருக்கிறது: காசு கைமாறாதவரை அது வேலை ஆகாது, ஆகவே விசா விதியும் தொழிற்சட்டமும் அதற்குப் பொருந்தமாட்டா. இந்த எடுகோள் சரியல்ல. சட்டத்தின் பார்வையில் மட்டுமன்றி, வீட்டுக் கணக்கின்படியும், அயலிலுள்ள கூலியாளின் நிலையிலிருந்து பார்த்தாலும் அது சரியல்ல. ஏன் என்பதையும், அப்படியாயின் இந்த முறை வன்னிக்கு எந்த வடிவத்தில் பொருந்தும் என்பதையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முறை தோன்றியதும் அது இயங்கும் விதமும்

1971இன் இலையுதிர் காலத்தில், இலண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கொப்பார்ட் என்ற பெண், நகரத்தில் அடைபட்டுக் கிடப்பவர்கள் வார இறுதியில் கிராமத்துக்குப் போய் வேலை செய்து திரும்ப ஒரு வழி வேண்டும் என்று எண்ணி, சசெக்ஸ் பகுதியிலுள்ள எமர்சன் கல்லூரியின் பண்ணையில் ஒரு வார இறுதியை ஒழுங்கு செய்தார். அதில் கலந்துகொண்டவர்கள் நால்வர். அந்தச் சிறு முயற்சிதான் 'வூஃப்' என்று இன்று அழைக்கப்படும் உலகளாவிய வலையமைப்பாக வளர்ந்தது. அதன் விரிவான பெயரில் ஒரு காலத்தில் 'வேலையாட்கள்' என்ற சொல் இருந்தது. குடிவரவு அதிகாரிகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கியதும், அதை நீக்கி 'வாய்ப்புகள்' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றினாலும், அதிகாரிகள் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

இந்த முறையின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள மூன்று விடயங்கள் போதும்.

1. வலையமைப்பு யாருக்கும் வேலை கொடுப்பதில்லை. அது உறுப்பினர் கட்டணம் பெற்று, பண்ணைகளின் பட்டியலை வருபவர்களுக்குக் காட்டுகிறது. உடன்பாடு என்பது வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் இடையில் மட்டுமே ஏற்படுகிறது. விபத்தோ தகராறோ நேர்ந்தால் அதைச் சுமப்பவர்களும் அவ்விருவரே.

2. வேலை நேரம் பொதுவாக நாளுக்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலம். கிழமைக்கு ஐந்து அல்லது ஆறு நாட்கள். எஞ்சிய நேரம் விருந்தாளிக்குரியது.

3. கைமாறுவது உழைப்பு மட்டுமல்ல. பண்ணை நடத்துபவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதும் உடன்பாட்டின் பகுதி. இந்த மூன்றாவது அம்சம் விடுபட்டால் மிஞ்சுவது கூலியில்லா வேலை மட்டுமே.

வூஃபுக்குப் பின்னர் வந்த வேர்க்அவே, ஹெல்ப்எக்ஸ் போன்ற தளங்கள் இதே ஏற்பாட்டைப் பண்ணைக்கு வெளியேயும் கொண்டுசென்றன. விடுதியின் வரவேற்பு மேசை, வீட்டுக்குச் சாயம் பூசுதல், பிள்ளை பார்த்தல் என எல்லாவற்றுக்கும் இப்போது 'தன்னார்வலர்' தேடப்படுகிறார். அறுகம்பையிலோ எல்லவிலோ உள்ள ஒரு விடுதி சம்பளமில்லாமல் ஆள் வைத்துக்கொள்வதையும், நெடுங்கேணியில் ஒரு குடும்பம் தன் தோட்டத்துக்கு ஒருவரை வரவேற்பதையும் ஒரே பெயரால் அழைக்கும்போது குழப்பம் தொடங்குகிறது. இக்கட்டுரை பண்ணையைப் பற்றியது மட்டுமே.

## யார் எவ்வளவு கொடுக்கிறார்

நாளுக்கு ஐந்து மணித்தியாலம் வீதம் கிழமைக்கு ஐந்து நாட்கள் என்றால், ஒருவர் தருவது 25 மணித்தியால உழைப்பு. எட்டு மணித்தியால நாட்கூலிக் கணக்கில் அது மூன்று நாட்களுக்குச் சற்று அதிகம். அந்த மூன்று நாட்கூலியையும், ஏழு நாட்களுக்கான மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், படுக்கை, நுளம்பு வலை, குளிக்கத் தண்ணீர் ஆகியவற்றின் பெறுமதியையும் அருகருகே வைத்தால், வன்னிக் கிராமமொன்றில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று தோன்றலாம். இந்தக் கணக்கில் இரண்டு செலவுகள் காட்டப்படவில்லை.

முதலாவது, தெரியாதவருடைய உழைப்பு ஒரு நாட்கூலியாளின் உழைப்புக்குச் சமமாகாது. நெற்பயிரையும் நெற்சப்பியையும் இளம் பருவத்தில் பிரித்தறியாத ஒருவரைக் களை பிடுங்க விட்டால், அவருக்குப் பின்னால் வீட்டுக்காரர் நடந்து வர வேண்டும். மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவரின் உள்ளங்கை இரண்டாம் நாளே கொப்பளிக்கும். மூன்றாம் நாள் அவர் நிழலில் இருப்பார். முதல் கிழமையில் வீட்டுக்காரர் பெறுவதைவிடக் கொடுப்பதே அதிகம். இரண்டு, மூன்று நாட்கள் தங்கிப் படமெடுத்துப் போகிறவர்களால் பண்ணைக்கு ஒரு பயனும் இல்லை என்று இந்த முறையில் அனுபவமுள்ள நாடுகளின் பண்ணைக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது செலவு குசினியில் விழுகிறது. நாலு பேருக்குச் சமைத்த வீட்டில் இப்போது ஆறு பேர். விடியப்புறம் பிட்டுக்கு மாக்குழைத்து, சம்பலுக்குத் தேங்காய் துருவி, வருபவருக்கு உறைப்புக் கூடாது என்பதால் கறியை இரண்டு சட்டியில் வைத்து, குடிக்கக் கொதித்தாறிய தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி வைப்பது யார்? அநேகமான வீடுகளில் அது ஒரே பெண். வயலில் விருந்தாளி குறைத்த வேலை ஆணுடையது. அடுப்படியில் கூடிய வேலை பெண்ணுடையது. போருக்குப் பின்னர் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் கணிசமாக உள்ள ஒரு பிரதேசத்தில், ஒரே பெண் தோட்டத்தையும் சமையலையும் பிள்ளைகளையும் பார்க்கும் வீட்டில், இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. விருந்தாளியின் ஐந்து மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலமாவது குசினிக்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்படாத ஏற்பாடு எதையும், ஆண் விருந்தாளியாயினும் சரி, நியாயமான பரிமாற்றம் என்று கொள்ள முடியாது.

## காசு இல்லையென்றால் வேலை இல்லையா

சட்டங்கள் பலவும் 'ஊதியம்' என்பதைக் காசாக மட்டும் பார்ப்பதில்லை. நியூசிலாந்தின் குடிவரவு விதியில், ஆதாயத்துக்காகவோ ஈட்டுக்காகவோ செய்யப்படும் செயல் வேலை. சாப்பாடும் படுக்கையும் ஈடுதான். அதனால் அங்கு பண்ணையில் இவ்வாறு தங்குபவருக்கு வெறும் வருகை விசா போதாது. வேலைக்கு இடமளிக்கும் விசா தேவை. அவுஸ்திரேலியாவின் அனுபவம் வேறு வகையில் படிப்பினை தருவது. விடுமுறையோடு வேலையும் செய்ய அனுமதிக்கும் விசாவில் வந்த இளைஞர்கள் இரண்டாம் ஆண்டும் தங்க வேண்டுமானால், கிராமப்புறங்களில் 88 நாட்கள் குறிப்பிட்ட வகை வேலை செய்திருக்க வேண்டும். சம்பளமில்லாத பண்ணை உழைப்பும் அதில் சேர்க்கப்பட்டு வந்தது. விசாவுக்காக எதையும் சகித்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர்கள் சுரண்டப்படுகிறார்கள் என்ற முறைப்பாடுகளைத் தொடர்ந்து, 2015 டிசம்பர் 1 முதல் சம்பளம் கொடுக்கப்பட்ட வேலை மட்டுமே கணக்கில் எடுக்கப்படுகிறது.

இலங்கைக்கு வருவோம். ஒரு வன்னிக் கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை இவை:

1. விசா. வெளிநாட்டவரின் வருகையும் தங்குதலும் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்துக்கு உட்பட்டவை. சுற்றுலாவுக்கென வழங்கப்படும் விசா நாடு பார்க்கவும், ஓய்வெடுக்கவும், உறவினரைச் சந்திக்கவும் உரியது. வேலை செய்ய அது இடம்தராது. 'நான் சம்பளம் வாங்கவில்லை' என்பது தானாகவே ஒரு பாதுகாப்பு ஆகாது. விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பும் காணியில் ஒருவர் நேர அட்டவணையோடு நாளாந்தம் வேலை செய்வதைப் பார்க்கும் அதிகாரிக்கு அதை வேலை என்று கொள்ளப் போதிய காரணம் இருக்கிறது. பிடிபட்டால் நாட்டைவிட்டு அனுப்பப்படுபவர் விருந்தாளி. விசாரணைக்கு அலைபவர் வீட்டுக்காரர்.

2. குறைந்தபட்ச ஊதியம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச வேதனமாக மாதம் 10,000 ரூபாவையும் நாளுக்கு 400 ரூபாவையும் நிர்ணயித்தது. தொகை பின்னர் பல தடவை உயர்த்தப்பட்டது. உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை 'தன்னார்வலர்' என்று பெயரிட்டு முழுநேரம் வேலை வாங்கினால், நாளை அவர் தொழில் திணைக்களத்துக்குப் போகும்போது பெயர் எதுவென்று யாரும் பார்க்கப்போவதில்லை. யார் நேரத்தைத் தீர்மானித்தார், யார் மேற்பார்வை செய்தார், யார் இலாபம் பெற்றார் என்பவற்றையே பார்ப்பார்கள்.

3. விபத்து. வேலையின்போது காயமடையும் தொழிலாளிக்கு நட்டஈடு வழங்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது தொழில் ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டது. விருந்தாளி தொழிலாளியல்ல என்று வாதிட்டால் அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. தொழிலாளிதான் என்றால் மேலே சொன்ன மற்ற எல்லாக் கடப்பாடுகளும் வந்துசேரும். எந்தப் பக்கம் நின்றாலும் காயத்துக்குரிய செலவை யாரோ ஏற்க வேண்டும். எனவே மருத்துவக் காப்புறுதி இல்லாத ஒருவரை ஏற்காதிருப்பதே முறை.

4. காணி. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பேமிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தின் பேரில் அரசு வழங்கிய காணி. உறுதிக் காணியைப் போல அதை விரும்பியபடி குத்தகைக்கு விடவோ வேறு தேவைக்கு மாற்றவோ முடியாது. விருந்தாளிகளுக்கென நிரந்தரக் குடில்கள் கட்டிக் கட்டணம் அறவிட நினைப்பவர் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரிப்பது நல்லது. கட்டணம் வாங்கத் தொடங்கிய கணத்திலிருந்து அது பண்ணைப் பரிமாற்றம் அல்ல, சுற்றுலாத் தொழில். அதற்குரிய பதிவு வேறு.

வடக்கிற்கேயுரிய ஒரு பழைய அச்சமும் இருக்கிறது. 2014 ஒக்ரோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்கள் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அது நீங்கியது. அன்று ஓமந்தைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதைகள் இன்னும் புலம்பெயர் வீடுகளில் பேசப்படுகின்றன. இன்று அவ்வாறான அனுமதி தேவையில்லை. ஆயினும் வெளியார் ஒருவர் வாரக்கணக்கில் ஒரு வீட்டில் தங்கினால் யாரென்று விசாரிக்க ஆட்கள் வருவது இப்பகுதிக்குப் புதிதல்ல என்பதால், கிராம அலுவலருக்கும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் வீட்டுக்காரரே முன்கூட்டித் தெரிவித்து வைப்பது வீண் சிக்கலைத் தவிர்க்கும்.

## 'இயற்கைப் பண்ணை' என்று எதைச் சொல்வது

இரசாயன உரம் வாங்கக் காசில்லாததால் போடாமல் விட்ட வயலும், மண்ணைத் திட்டமிட்டு வளர்த்தெடுக்கும் தோட்டமும் ஒன்றல்ல. சான்றிதழ் முறையில் இந்த வேறுபாடு காலத்தால் அளக்கப்படுகிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, தடைசெய்யப்பட்ட இடுபொருட்கள் நிறுத்தப்பட்ட பின்னர் ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலமாகக் கழிய வேண்டும். வன்னியின் சிறு தோட்டக்காரர் பலருக்குச் சான்றிதழ் செலவு தாங்காது; வருபவரிடம் 'சான்றிதழ் இல்லை, ஆனால் இன்ன காணியில் இத்தனை வருடமாக எண்ணெய் (பூச்சிமருந்து) அடிக்கவில்லை, இன்ன வயலில் அடிக்கிறோம்' என்று உண்மையைச் சொல்வது போதும்.

2021இல் நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் அறிவிக்கப்பட்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த இரசாயன உர இறக்குமதித் தடை, நவம்பரில் கைவிடப்பட்டது. அதற்குள் 2021/22 காலபோகம், அதாவது மாரிமழைப் போகம், அடிபட்டுப் போயிற்று. அன்று முதல் 'சேதனப் பசளை' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் கமக்காரர்கள் இங்கே உண்டு; அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓரிரவில் ஆணையிட்டு மாற்றியதன் தோல்வி அது. மாற்றக் காலம் ஏன் வருடங்களில் கணக்கிடப்படுகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்லத்தக்கது. 1972இல் உருவான சர்வதேச இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட நான்கு கோட்பாடுகள் ஆரோக்கியம், சூழலியல், நியாயம், அக்கறை என்பன. நியாயம் என்பது வேலை செய்பவருக்கும் உரியது. மண்புழுவுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொண்டு மனிதருக்குக் கூலி கொடுக்காத பண்ணை, தன் கோட்பாட்டில் கால்பகுதியை விட்டுவிட்டது.

## வன்னியில் என்ன வேலை, எப்போது

வன்னியின் வேலை நாட்காட்டியை வடகீழ்ப் பருவமழையும் குளங்களும் தீர்மானிக்கின்றன. ஒக்ரோபரை ஒட்டி விதைத்து, மழை முடிந்து தை, மாசியில் அருவி வெட்டுவது (நெல் அறுவடை செய்வது) காலபோகம். சிறுபோகம் குளத்துத் தண்ணீர் உள்ள இடங்களில் மட்டும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுவின் கீழ், குளத்தில் நிற்கும் தண்ணீரின் அளவைப் பார்த்துக் கூட்டம் கூடி எவ்வளவு காணி விதைக்கலாம் என்று முடிவெடுத்த பின்னரே உழவு தொடங்கும்.

நெல் வயலில் விருந்தாளிக்கு இன்று பெரிதாக வேலை இல்லை. உழவும் அருவி வெட்டும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. கற்றுக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கவும் உரிய இடம் வீட்டோடு சேர்ந்த மேட்டுக்காணிதான்: கச்சான், உழுந்து, பயறு, மிளகாய், கத்தரி, வாழை, பப்பாசி, வேலியோரத்துச் சீமைக்கிளுவை, கொட்டிலில் இரண்டு மாடு.

கூட்டெருக் குவியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடியில் காற்றுப் போகத் தடித்த சுள்ளிகள், அதன்மேல் காய்ந்த கச்சான் கொடியும் வைக்கோலும், அடுத்த அடுக்கு வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் குழை, அதன்மேல் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது, மீண்டும் வைக்கோல். காய்ந்ததும் பச்சையும் எந்த அளவில் சேர வேண்டும் என்பதே இங்கே அறிவு: காய்ந்தது கூடினால் குவியல் அப்படியே கிடக்கும், பச்சை கூடினால் நாறும். நடுவில் ஒரு நீண்ட தடியைக் குத்தி வைத்து, நாலைந்து நாள் கழித்து உருவிப் பிடித்தால் கை சுட வேண்டும். சுடாவிட்டால் தண்ணீர் போதவில்லை, அல்லது சாணம் போதவில்லை. தடி சூடாகி, நுனியில் வெண்பூஞ்சணம் படிந்து வந்தால், அதுவும் தண்ணீர் குறைவின் அடையாளம். கோடையில் வன்னியின் வெயில் இரண்டு நாளில் குவியலைச் சருகாக்கிவிடும் என்பதால் மா மரத்தின் கீழ், தென்னோலைக் கிடுகால் மூடி வைப்பார்கள். மாரியில் அதே குவியல் மேட்டில் இருக்க வேண்டும், இல்லையேல் சத்தெல்லாம் மழையோடு போய்விடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிரட்டிப் போட வேண்டும். பிரட்டுவது முதுகை முறிக்கும் வேலை. இளம் உடம்பு ஒன்று கூட இருந்தால் அங்கே உண்மையில் உதவி.

வயலில் பட்டி அடைத்து மாட்டெருச் சேர்ப்பது, தறைக்குக் குழை தாழ்ப்பது, கச்சானுக்கு அடுத்து எதைப் போடுவது என்பன வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய அறிவு. இவற்றைக் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் எழுதி வைத்த குறிப்பு எதுவும் இல்லை. கற்க வருபவர் இருந்தால்தான் சொல்லும் சந்தர்ப்பமும் வரும். இந்த முறையின் மிகப் பெரிய பயன் உழைப்பிலல்ல, இங்கேதான் இருக்கிறது என்பது என் மதிப்பீடு.

## சொல்லாமல் விடக்கூடாத இடர்கள்

மிதிவெடி. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்தது; அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன் 1. முகமாலை போன்ற இடங்களில் வருடக்கணக்காக நடந்த அகற்றல் பணி கண்கூடு. மக்கள் பயிரிடும் காணிகள் துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்டவையே. ஆனால் வருபவருக்கு எல்லை தெரியாது. பாலைப்பழம் தேடியோ படமெடுக்கவோ காட்டோரத்துக்குள் இறங்குவதும், பற்றை வெட்டித் தீவைப்பதும், மண்ணுக்குள் தெரியும் இரும்பைக் கிளறுவதும் கூடாது என்பதை முதல் நாளே, காணியின் நான்கு எல்லையையும் நடந்து காட்டிச் சொல்ல வேண்டும். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையின் பொருளை உள்ளூர்ச் சிறுவர் எல்லோரும் அறிவர். வெளிநாட்டிலிருந்து வருபவர் அதை ஒரு காட்சிப் பொருளாகக் கொண்டு கிட்டப் போகக்கூடும்.

எலிக்காய்ச்சல். சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்குபவருக்கு, காலில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலே இது தொற்றலாம். வயல் வேலைக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊடாகக் கமக்காரர்களுக்குத் தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் வில்லைகள் வழங்கப்படுகின்றன. விருந்தாளிக்கும் அதைக் கேட்டுப் பெறலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைப் பறித்த காய்ச்சல் இதுவே என்று பின்னர் உறுதியானதை எல்லோரும் அறிவோம்.

பாம்புக்கடிக்கு மருந்து அரசாங்க மருத்துவமனையில் இருக்கிறது. கட்டுப்போட்டு, கீறி, நாட்டு வைத்தியரைத் தேடி அலைந்து நேரத்தை இழக்கக்கூடாது. யானை வரும் கிராமங்களில் பொழுதுபட்ட பின் வெளியே நடமாட வேண்டாம் என்பதும் மின்வேலி எங்கே ஓடுகிறது என்பதும் சொல்லப்பட வேண்டும்.

## அயலிலுள்ள கூலியாள்

இங்கிலாந்தின் ஒரு சிறு பண்ணையில் தன்னார்வலர் வராவிட்டால், அந்த வேலை பெரும்பாலும் செய்யப்படாமலே கிடக்கும். வன்னியில் அப்படியல்ல. கச்சான் பிடுங்கவும், மிளகாய் ஆயவும், களை எடுக்கவும் அயலில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நாட்கூலியில்தான் அவர்களுடைய அடுப்பு எரிகிறது. அவர்களில் பலர் பெண்கள். பலர் சொந்தக் காணி இல்லாதவர்கள். 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறி இன்னும் காணி உறுதி கிடைக்காதவர்களும் அவர்களிடையே உண்டு. பவுணில் சம்பாதிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று விடுமுறையில் வந்து கச்சான் பிடுங்கிக் கொடுப்பதால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்று நாள் கூலி இல்லாமற் போகுமானால், அந்த மண்ணுக்கு என்ன நன்மை நடந்தது?

ஆகவே ஒரு வீட்டுக்காரர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. விருந்தாளி இல்லாவிட்டாலும் இந்தக் கமம் ஓடுமா? அவர் செய்யப்போவதை இதற்கு முன்னர் கூலிக்கு ஒருவர் செய்தாரா? மூன்றாம் கிழமையில் அவர் முதல் கிழமையில் அறியாத எதையாவது அறிந்திருப்பாரா? முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்ற பதில் வந்தால் அது பரிமாற்றம். இரண்டாவதற்கு 'ஆம்' என்று வந்தால், கூலியாளை நிறுத்தாமல் அவரோடு சேர்ந்து விருந்தாளி வேலை செய்யும்படி ஒழுங்கமைக்கலாம். அவரே மிகச் சிறந்த ஆசிரியராகவும் இருப்பார்.

## இங்கே இது முற்றிலும் புதிதல்ல

1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதயத்தின் சிரமதானம் தீவு முழுவதும் பழக்கமானது. வன்னிக்கு இன்னும் நெருக்கமானது காந்தீயம். 1970களின் பிற்பகுதியில், மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிற்றும் முன்னின்று நடத்திய அந்த அமைப்பு, 1977 வன்செயலில் இடம்பெயர்ந்த மலையக மக்களை வவுனியாப் பகுதியில் குடியமர்த்தி, பண்ணை அமைக்க உதவியது. யாழ்ப்பாணத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இளைஞர்கள் கூலியில்லாமல் வந்து அதில் உழைத்தார்கள். 1983இல் இருவரும் கைதாகி, இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்த முயற்சி அரசியலால் அழிக்கப்பட்டதே தவிர அதன் அமைப்பால் அழியவில்லை. அங்கே உழைப்பின் பயன் காணியற்ற குடும்பத்துக்குப் போனது. இங்கே பேசப்படும் முறையில் காணி உள்ளவருக்குப் போகிறது. இரண்டையும் ஒப்பிடுவோர் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

## வன்னிக்குப் பொருந்தும் வடிவம்

1. முதலில் அழைக்கத்தக்கவர்கள் உள்நாட்டவர். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக உருவானது. மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வரும் ஒரு மாணவருக்கு விசாச் சிக்கல் இல்லை, மொழிச் சிக்கல் இல்லை, கற்றதைத் தன் ஊரில் பயன்படுத்தவும் முடியும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைப் பெற்றோர் இல்லாமல் ஏற்கக்கூடாது.

2. எழுத்தில் ஒரு பக்க உடன்பாடு: எத்தனை மணித்தியாலம், எந்த நாள் ஓய்வு, என்ன கற்பிக்கப்படும், சமையலில் பங்கு எவ்வளவு, எந்த வேலை செய்யவே கூடாது, எத்தனை நாள் முன்னறிவித்து யார் விலகலாம். இயந்திரம், மருந்தடிப்பு, கிணறு இறைத்துத் துப்புரவாக்கல் ஆகியவை விருந்தாளிக்கு இல்லை என்று எழுதிவிடுவது நல்லது.

3. காலை ஆறு முதல் பத்து வரை வேலை. அதற்குப் பிறகு வெயில்.

4. படுக்கைக்குப் பூட்டக்கூடிய அறை, கதவுள்ள மலசலகூடம், பெண்கள் குளிக்க மறைப்பு. இவை இல்லாத வீடு, எவ்வளவு அன்பான வீடாயினும், தெரியாத ஒரு பெண்ணை விருந்தாளியாக ஏற்கும் நிலையில் இல்லை. வருபவரும் வீட்டுக்காரரும் ஒருவரைப் பற்றி மற்றவர் விசாரிக்க இரண்டு பேரின் தொடர்பைக் கொடுத்து வைக்க வேண்டும்.

5. வெளிநாட்டவர் பண்ணையில் நீண்ட காலம் இருக்க விரும்பினால், சுற்றுலா விசாவை நம்பாமல், குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பொருத்தமான குடியிருப்பு விசா வகையின் ஊடாக வர வேண்டும். அதுவரை கட்டணம் செலுத்தித் தங்கி, பண்ணையைப் பார்த்து, கேட்டறிந்து போவதில் தடையில்லை.

6. புலம்பெயர் பிள்ளைகளின் நிலை இரு வகைப்படும். இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவர் இலங்கைப் பிரஜை என்பதால் விசாக் கேள்வி அவருக்கு எழாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர் உறவினரைப் பார்க்க வருவது சுற்றுலா விசாவுக்குள் அடங்கும். மாமாவின் கத்தரிக்குத் தண்ணீர் விடுவதை யாரும் வேலை என்று சொல்லப்போவதில்லை. அதே மருமகள் நாலு நண்பர்களைக் கூட்டி வந்து, நேர அட்டவணை போட்டு, மாமாவின் விளைச்சலைக் கிளிநொச்சிச் சந்தைக்கு ஏற்றத் தொடங்கினால் நிலைமை வேறு. அப்படி ஓர் எண்ணம் இருப்பவர்கள் விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மேலே ஐந்தாவதாகச் சொன்ன வழியில் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரச் சில வாரங்கள் செல்லும் என்பதால், தை மாத அருவி வெட்டைப் பார்க்க விரும்புபவர் புரட்டாதியிலேயே தொடங்குவது உசிதம்.